மாமியாரின் குரலும் ஒரு புள்ளிப் பட்டையும்

பேசும் நூலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பாம்புக்காது. வைத்தவர்கள் பயத்தில் வைத்தார்கள். அவள் பெருமையாக வாங்கிக்கொண்டாள். மாடிப்படியில் ஏறி வருவது யார், வருகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறாரா, சட்டைப் பையிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துக் கொறிப்பது என்ன என்பதுவரை நாற்காலியை விட்டு அசையாமல் சொல்லிவிடுவாள். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. "கண்ணு தெரியாதவங்களுக்குக் காது கூடுதலா கேக்குமாமே, நிஜமா?" என்று யாராவது பரவசத்தோடு கேட்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கூடுதலா ஒண்ணும் கேக்கல. நீங்கல்லாம் கேக்கறதே இல்ல, அவ்வளவுதான்."

பேசும் நூலகம் என்பது பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, பதிந்து, சி.டி.யாக வீட்டுக்கு அனுப்பும் இடம். இந்தக் காலத்தில் இன்னுமா சி.டி. என்று உதடு பிதுக்குகிறவர்கள் அங்கே ஒரு நாள் ஃபோன் எடுத்துப் பார்க்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வழுவழுப்பான கண்ணாடி ஃபோனில் விரலை வைத்தால் சம்பந்தமே இல்லாத யாருக்கோ கால் போய்விடுகிறது. சி.டி. பிளேயரிலோ உப்பிக்கொண்டு நிற்கிற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பேசும், மறுபடி அழுத்தினால் வாயை மூடும். மனிதர்களில்கூட இந்த வசதி கிடையாது.

ஒலிப்பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அங்கிருந்த கணினிகளை எல்லாம் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றியதும் அவள்தான். "மத்ததெல்லாம் படம் காட்டும். இதுகிட்ட ஒரு வரி எழுதிக் கேட்டா ஒரு வரி பதில் சொல்லும்" என்பாள். விசைப்பலகையில் கேள்வி கேட்பாள். திரையில் வரும் பதிலை மூக்கடைத்தவன் அவசரத்தில் பேசுகிற மாதிரி ஒரு இயந்திரக்குரல் படித்துச் சொல்லும். அந்த வேகத்தில் மற்றவர்களுக்கு அது தேனீக் கூட்டம்போலக் கேட்கும். அவள் அதையும் இன்னும் கொஞ்சம் முடுக்கி வைத்திருந்தாள்.

"என் மேசைக்கு வந்த சி.டி. எதுவும் வாயைத் திறக்காம போனதில்ல" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வசனம். கேட்காதவர்களிடமும் சொல்வாள். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம்தான். ஆனால் பொறுப்பாளரின் தன்னடக்கத்தை மெச்சிச் சுழன்ற சி.டி. டிரைவ் எதுவும் உலகத்தில் கிடையாது.

அவளுடைய மாமியார் சலவைக்கடை நடத்தியவள். பெரிய பெரிய மெஷின்கள் ஒரே நேரத்தில் உறுமும் கூடத்தில், இந்தக் கோடியில் நின்றபடி அந்தக் கோடிக்காரியை வேலை வாங்கிய தொண்டை. மகன் இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள்தான். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இந்த மருமகளிடம் செல்லுபடியாகாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள். முதல் சண்டை முடிந்து மூச்சு வாங்கியபோது மருமகள் சொன்னாள்: "என்ன குரல் அத்தை உங்களுக்கு! திட்டறதையே பதிஞ்சு வெச்சுக்கலாம் போலிருக்கு."

அப்படித்தான் சலவைக்கடைக்காரி ஒலிப்பதிவு அறைக்குள் வந்தாள். கிழவனுக்குக் கிழவன் குரல், குழந்தைக்குக் குழந்தைக் குரல், பொய் சொல்கிறவனுக்குப் பொய் சொல்கிற குரல். அவள் படித்த புத்தகம் என்றால் உறுப்பினர்கள் முன்பதிவு செய்து காத்திருந்தார்கள். மருமகளுக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் மட்டும் காட்டிக்கொள்ள மாட்டாள், கெட்டுப் போவார்களாம்.

பிறகு தொண்டையில் ஒரு கட்டி. உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மாமியார் அழவில்லை. ஆஸ்பத்திரியில் படுப்பதற்குமுன் இரண்டு காரியம் செய்தாள். பாதியில் நின்ற தடித்த துப்பறியும் நாவல் ஒன்றை வீட்டிலேயே தொண்டை வலிக்க வலிக்கப் படித்துப் பதிந்து முடித்தாள். இன்னொன்று, மருமகளிடம் பிரெய்ல் கற்றுக்கொண்டாள்.

"எதுக்கு அத்தை இப்ப போய் இது?"

"வாய் போனப்புறம் உன்கூட எப்படிடி சண்டை போடறது?"

பிரெய்லுக்கு ஆறு புள்ளி. மருமகளின் இரண்டு கையிலும் மும்மூன்று விரல் எடுத்தால் ஆறு விரல். எந்தப் புள்ளி வேண்டுமோ அந்த விரலில் தட்டினால் எழுத்து. அறுவை நடந்து வீடு திரும்பிய பிறகு இருவரின் பேச்சும் இதுதான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால், மாமியாரும் மருமகளும் கை கோத்துக்கொண்டு அன்பாக உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். உள்ளே போர் நடந்துகொண்டிருக்கும்.

நாவலின் கடைசிப் பகுதி ஒரே ஒரு சி.டி.யில் இருந்தது. பதிந்ததை சி.டி.யில் ஏற்றி, ஒருமுறை ஓட்டிக் கேட்டுவிட்டுக் கணினியில் உள்ளதை அழித்துவிடுவது அங்கே வழக்கம். அந்தக் கணினிகளுக்கு வயிறு சின்னது. இதையும் அவள் வீட்டிலேயே அப்படித்தான் செய்தாள். ஆஸ்பத்திரி அலைச்சலெல்லாம் முடிந்து, உறுப்பினர்கள் "கொன்னது யாருக்கா? அந்தத் தோட்டக்காரன்தானே?" என்று ஃபோனில் நச்சரிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் உறையோடு அதைப் பையில் போட்டு நூலகத்துக்கு எடுத்து வந்தாள்.

நூலகத்தின் செயலாளர் நல்ல மனிதர். உதவி செய்யாமல் இருக்க முடியாது என்பதுதான் அவருடைய ஒரே வியாதி. "குடும்மா, குடும்மா, நான் போடறேன்" என்று உறையைப் பிடுங்கி, சி.டி.யை டிரைவில் வைத்து, தட்டை உள்ளே தள்ளி, மவுஸால் எதையோ திறந்து, எதையோ ஓடவும் விட்டுவிட்டார்.

விர்ர்ர் என்று ஆரம்பித்தது. வேகம் ஏற ஏற டகடகவென்று உதறியது. மேசைமேல் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

"சார், நிறுத்துங்க!"

"பொத்தானை அழுத்தறேன்மா, வெளிய வர மாட்டேங்குது."

"அழுத்தாதீங்க. கையை எடுங்க. நாற்காலியையும் குடுங்க."

அவள் உட்கார்ந்தாள். தட்டை வெளியே தள்ள இஜெக்ட் என்று அடித்தாள். சி.டி. உபயோகத்தில் இருக்கிறது, தர முடியாது என்றது மூக்கடைத்த குரல். யார் உபயோகிக்கிறார்கள் என்று கேட்டாள். செயலாளர் திறந்த கோப்பு ஜன்னல் ஒன்று, ஓட விட்ட பாட்டுப்பெட்டி ஒன்று என்று பதில் வந்தது. ஜன்னலை மூடினாள். பாட்டுப்பெட்டியைக் கொல்லச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள், சாகவில்லை. படிக்க முடியாத இடத்தில் படித்தே தீருவேன் என்று நிற்கிற நிரலுக்குச் சாகக்கூட நேரம் இருக்காது.

"கொலைக்கதையைப் போட்டோம், கொல்லவே முடியலையே" என்றார் செயலாளர். யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று கணினியின் குறிப்புகளைப் படிக்கச் சொன்னாள். படிப்புப் பிழை, படிப்புப் பிழை, மறுபடி படிப்புப் பிழை. ஒருவழியாக நிரல் ஓய்ந்தது. சி.டி.யைக் கணினியின் பிடியிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி வெளியே தள்ளச் சொன்னாள். கிர்க் என்று ஒரு சத்தம். தட்டு கொஞ்சம் நகர்ந்து எதிலோ மாட்டி நின்றது.

"இது கணினி பண்ற வம்பு இல்ல. உள்ள ஏதோ இடிக்குது" என்றாள். கணினியை முழுசாக அணைத்தாள். தாளில் மாட்டும் கிளிப் ஒன்றைக் கேட்டு வாங்கி நிமிர்த்தினாள். எல்லா சி.டி. டிரைவின் முகத்திலும் ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். இருப்பதே பலருக்குத் தெரியாது. விரல் நுனியால் அதைத் தேடிப் பிடித்து, கிளிப்பை நேராக விட்டு அழுத்தினாள். பூட்டு விட்டது. தட்டைப் பதமாக வெளியே இழுத்து, சி.டி.யின் மேல்முகத்தைத் தடவினாள்.

புள்ளிகள். தடித்த பிளாஸ்டிக் பட்டையில் அடித்த பிரெய்ல். நாவலின் பெயர், கடைசிப் பகுதி, படித்தவராக மாமியாரின் பெயர்.

இந்த மாதிரிப் பட்டையை உறையின்மேல்தான் ஒட்டுவார்கள், சி.டி.மேல் ஒட்டவே மாட்டார்கள். ஒரு பக்கம் கனம் ஏறினால் சுழலும்போது ஆடும். ஓரம் கிளம்பினால் டிரைவின் கூரையில் உரசும். அதுதான் நடந்திருந்தது. வீட்டில் பிரெய்ல் அடிக்கத் தெரிந்தவர் இன்னொருத்தர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சும்மா உட்காரச் சொன்னால் உட்காராத ஒருத்தர். மருமகளுக்குத் தெரியாமல், மருமகளுக்காக, தன் கடைசிப் புத்தகத்துக்குத் தன் கையாலேயே பெயர் அடித்து ஒட்டியிருக்கிறாள். எங்கே ஒட்டக்கூடாது என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"அட, அந்தப் பட்டையை நானும் பாத்தேனே. உங்க ஆளுங்க வழக்கம்னு நெனச்சேன்" என்றார் செயலாளர். "யாரும்மா ஒட்டினது?"

பாம்புக்காது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நான்தான் சார்."

பக்கத்தில் ஒரு தொண்டை செருமியது. வானொலியில் வானிலை அறிக்கை படித்து ஓய்வு பெற்றவர். நூலகத்தில் எல்லோருக்கும் அவர் வானிலையார். இப்போது புத்தகம் படித்துத் தருகிறார். நல்ல குரல், பிசகாத உச்சரிப்பு. ஒரே குறை, கொலை நடந்த அறையையும் கல்யாண மண்டபத்தையும் ஆங்காங்கே லேசான மழை என்கிற அதே பாவத்தில் படிப்பார்.

"பட்டையைப் பிச்சு எடுத்துட்டா?" என்றார்.

"பதிஞ்சது இருக்கறதே மேல்தோலுக்கு அடியிலதான் சார். பட்டையைப் பிச்சா தோலும் சேந்து வரும். அப்புறம் அத்தனையும் போச்சு."

செயலாளர் பெருமூச்சு விட்டார். "கோச்சுக்காதேம்மா. ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. புத்தகம் அலமாரியில இருக்கு. நாளைக்கு மத்தியானம் கடைசிப் பகுதியை இவரே படிச்சுடட்டும்."

"அவ்வளவு பக்கமும் எங்க அத்தை படிச்சு, கடைசியில வேற குரலா?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உனக்கு நேரம். அதுக்குள்ள பேச வெச்சுடு."

வானிலையாருக்கே சங்கடமாக இருந்தது. செருப்பு தரையில் இடம் மாறி மாறித் தேய்வது அவளுக்குக் கேட்டது.

வீட்டில் மாமியார் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் மடிக்கும்போது துணி படபடக்கும். இன்று சாந்தமாக மடித்தாள். மருமகள் சி.டி.யை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"யாரைக் கேட்டு அத்தை இதை ஒட்டினீங்க?"

மாமியார் அவள் கைகளை இழுத்து மடியில் வைத்துத் தட்டினாள். "நல்லா அடிச்சிருக்கேனா?"

"நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க. அடிச்ச இடந்தான் தப்பு." நடந்ததைச் சொன்னாள். வானிலையார் படிக்கப்போகும் சங்கதிக்கு வந்தபோது மாமியாரின் விரல்கள் நின்றுவிட்டன. அந்த வீட்டில் அதுதான் மௌனம்.

"நான்தான் ஒட்டினேன்னு சொல்லிட்டேன். நீங்க அங்க வந்து எதையும் உளறி வெக்காதீங்க."

"உளற வாய் எங்கடி இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். ஒருத்தியின் சிரிப்புக்குச் சத்தமில்லை, தோள் குலுங்கியது. அப்புறம் மாமியார் கடுப்போடு தட்டினாள்: "ஆரம்பிச்ச வாய்தான் முடிக்கணும். அந்த ஆள் படிச்சா கொலைகாரன் பேரைச் சொல்றப்ப குடை எடுத்துட்டுப் போகச் சொல்வான்."

"அப்ப வழி சொல்லுங்க. வேகத்தைக் குறைச்சு ஓட்டலாம். அப்பவும் ஆட்டம் முழுசா நிக்காது."

"என்ன ஆட்டம்?"

"ஒரு பக்கம் கனம் அத்தை. சுத்தறப்ப உதறுது."

மாமியார் சி.டி.யை ஆள்காட்டி விரலில் மாட்டி மெல்லச் சுற்றிப் பார்த்தாள். பட்டை இருந்த பக்கம் கீழே சரிந்து நின்றது. வாழ்நாளெல்லாம் சுழலும் பொருளோடு குடித்தனம் நடத்தியவள் அவள்.

"என் மெஷின்ல ஒரே ஒரு பெரிய போர்வை போட்டுப் பிழிஞ்சா என்ன ஆகும்?"

"கூடத்தையே சுத்தி வரும்."

"நான் என்ன பண்ணுவேன்?"

"திட்டுவீங்க."

கையில் ஓர் அடி விழுந்தது. "அப்புறம்?"

"நிறுத்திட்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு போர்வை..." மருமகள் பாதியில் நின்றாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். "அத்தை, நீங்க சலவைக்கடை வெச்சதெல்லாம் வீணா போகல."

"உன் கண்ணுக்கு இப்பதான் தெரியுதா?"

"எனக்கு எப்ப அத்தை தெரிஞ்சிருக்கு!"

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே நூலகத்துக்குப் போனார்கள். மாமியார் கழுத்தில் மெல்லிய துணி சுற்றி, தலையை நிமிர்த்தி, தன் கடைக்குள் நுழைகிற முதலாளியைப்போல நுழைந்தாள். செயலாளர் நாற்காலி இழுத்துப் போட்டார். வானிலையார் எழுந்து நின்றார்.

சாமான் அறையில் தூசி மூடிக் கிடந்த பழைய மேசைக் கணினி ஒன்றின் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள் பாம்புக்காது. ஒல்லியான டிரைவில் கூரை தாழ்ந்திருக்கும். இந்தக் குண்டனுக்குள் புள்ளி உரசாமல் சுற்ற இடம் உண்டு. சி.டி.யின் அடிமுகத்தைத் துடைக்கச் செயலாளர் சட்டை நுனியோடு பாய்ந்தார். "சார், கைய கட்டிக்கிட்டு நின்னீங்கன்னா அதைவிடப் பெரிய உதவி கிடையாது" என்று அவரை நிறுத்திவிட்டு, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தாள். வட்டமாகத் துடைத்தால் பதிவு ஓடும் வழியிலேயே கீறல் விழும்.

கிளம்பியிருந்த ஓரத்தை அமுக்கி ஒட்டினாள். இனி எதிர்ப்பட்டை. "அதே நீளத்துக்கு வெறும் பட்டை வெட்டினா போதும்" என்றாள்.

மாமியார் அவள் விரலைப் பிடித்தாள். "வெறுமனே ஏன்? நான் அடிக்கிறேன்."

பட்டை அடிக்கும் கருவியை வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். சத்தத்தை வைத்தே எழுத்துகளை எண்ணிவிடலாம் என்றாலும் மருமகள் எண்ணவில்லை; கைக்கு வரும் என்று காத்திருந்தாள். வந்ததும் தடவினாள். "ஒட்டினது நான். மருமகள் இல்லை."

"அத்தை!"

"என்ன எழுதியிருக்கு?" என்று செயலாளர் ஆவலாக எட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாமே புள்ளிதான்.

மருமகள் பட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். மாமியார் அவள் முழங்கையை இடித்தாள். ஒரு தரம், இன்னொரு தரம், வலிக்கிற மாதிரி. வேறு வழியில்லாமல் அவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். வானிலையார் மெல்ல, "தெளிவான வானம்" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அதுவாக இருக்கலாம்.

மருமகள் நேர் எதிரே அளந்து பட்டையை ஒட்டினாள். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் சரியவில்லை. டிரைவில் வைத்தாள். ஓட்டுவதற்குமுன் வேகத்தைக் குறைக்கும் கட்டளை கொடுத்தாள். முந்தின நாள் குதிரைப் பாய்ச்சலில் போனது இன்று மாட்டுவண்டியாய்ப் போயிற்று. காதை டிரைவின்மேல் வைத்துக் கேட்டாள். சீரான விர்ர்ர். உதறல் இல்லை.

ஓட்டிக் கேட்டுப் பார்க்கலாமே என்றார் செயலாளர். மாட்டேன் என்றாள். இன்னொரு தரம் சுழலுமோ சுழலாதோ, முதலில் உள்ளதை அப்படியே கணினிக்குள் அள்ளியாக வேண்டும். அதற்கென்று ஒரு நிரல் இருக்கிறது, டி.டி.ரெஸ்க்யூ என்று பெயர். சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளும், அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும், பிறகு திரும்பி வந்து ஒவ்வொன்றாக மன்றாடும். முன்பக்கமிருந்து வராவிட்டால் பின்பக்கமிருந்து போய்க் கேட்கும். பொறுமையில் அது அவளைவிட மேல், அவள் மாமியாரைவிட ரொம்ப மேல்.

மதியம் நெருங்கியது. மூக்கடைத்த குரல் பாக்கி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தது. நேற்றைய உரசலில் அடிமுகத்தில் விழுந்த கீறல் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. வானிலையார் ஒலிப்பதிவு அறைக்குப் போகவேண்டிய நேரம் வந்தும் போகவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார். நிரல் அந்தக் கீறலைப் பின்பக்கமிருந்து சுரண்டியது. கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. ஒரு துளி மட்டும் வரவே இல்லை.

"எந்த இடம்மா அது?" என்று கேட்டார் வானிலையார்.

கணினிக்குள் வந்ததை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டினாள். ஓர் அத்தியாயம் முடிகிறது. அடுத்தது தொடங்குகிறது. நடுவே சின்னதாக ஒரு தடுக்கல்.

"பேச்சு எதுவும் போகல சார்" என்றாள். குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "அத்தை மூச்சு வாங்கின இடந்தான் போயிருக்கு."

"என்கிட்ட நிறைய இருக்கு, எடுத்துக்கச் சொல்லு" என்று தட்டினாள் மாமியார்.

வானிலையார் எழுந்து போய்ப் புத்தகத்தை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். "அறை முன்பதிவை ரத்து பண்ணிடுங்க சார்" என்று செயலாளரிடம் சொன்னார். "கொஞ்சம் முதல்லேருந்து போடும்மா. நானும் கேக்கணும்."

பெரிய ஒலிபெருக்கியில் போட்டாள். சலவைக்கூடத்தையே அடக்கிய அந்தக் குரல் அறை முழுக்க எழுந்தது. வக்கீல் பேசினான், வேலைக்காரி விசும்பினாள், பொய் சொல்கிறவன் பொய் சொன்னான். வாசலில் யாரோ வந்து நின்றார்கள், அப்புறம் இன்னும் யாரோ. சாப்பாட்டு நேரம் என்று யாரும் எழவில்லை. பாம்புக்காது நாற்காலியில் நிமிர்ந்து, மோவாயை உயர்த்தி, ஊருக்கே விருந்து வைத்தவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

மாமியாருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. மருமகளின் விரல்களை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். இந்த வரியை இன்னும் நிறுத்திப் படிச்சிருக்கணும். இங்க மூக்கை உறிஞ்சிட்டேன் பாரு. இந்த வக்கீலுக்கு இவ்வளவு கத்தல் வேண்டாம்.

மருமகள் அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க அத்தை. நீங்க படிக்கறதைக் கேக்க விடுங்க."